உள்பக்கத் தாழ்ப்பாள்

கதையின் மூன்றாம் பக்கத்தில்
ஜெர்லினை ரோட்டோரம் நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டேன்.
வயது ஒன்பது. எண்ணூர் விரைவுச்சாலை, சாயங்காலம் ஆறு மணி.
கையில் இரண்டு குடம், ஒன்று ஊதா,
இன்னொன்றுக்கு மூடி இல்லை.
தண்ணி லாரி வருமென்று எழுதியிருந்தேன்.
எப்போதென்று எழுதவில்லை.

அப்பன் துறைமுகத்து கேட்டில்
டிரெய்லரோடு மூன்றாம் நாளாய் நிற்கிறான்.
அம்மா இறால் ஷெட்டில் தலை கிள்ளுகிறாள்,
ஐஸ் தண்ணியில் விரல் நுனி வெளுத்து
ரேகை அழிந்து,
ரேஷன் கடை மிஷின் அவளை
அவள் இல்லை என்கிறது.
இவ்வளவும் நான் ஏற்றிய பாரம்.
கொஞ்சம் அதிகம்தான்.
அதனால்தான் ஒரு குதிரை கொடுத்தேன்.
வெள்ளைக் குதிரை, இறக்கையோடு,
மணலிப் பக்கமிருந்து பறந்து வரும்படி.

திரும்பி வந்து பார்த்தால்
குதிரை சுவரோரம் போஸ்டர் தின்றுகொண்டிருக்கிறது.
நடுநடுவே காற்றின் நெடிக்குத் தும்முகிறது.
அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வரிசையில் நின்ற கன்டெய்னர்களைப் பார்த்து
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்,
மூடியில்லாத குடத்திடம்:
"அந்த செவப்பு எங்க வூடு.
பின்னால நிக்குதே பச்ச, அது பாத்ரூம்.
உள்பக்கம் தாப்பா கீது.
போட்டுக்கினா யாரும் தட்டக் கூடாது.
நூறு எண்ற வரைக்கும் குளிப்பேன்."

தாப்பா.
என் பட்டியலில் அது இல்லை.
நட்சத்திரம் இருந்தது, பேசும் மீன் இருந்தது,
மணலிச் சுடரை யாரோ ஊத மறந்த
பிறந்தநாள் மெழுகுவத்தி என்று
அவளைச் சொல்லவைக்கும் திட்டம்கூட இருந்தது.
அந்த வரியை அடித்தேன்.

"அந்த நீலம்?" என்று கேட்டேன்.
எழுதுகிறவன் கதைக்குள் வாய் திறக்கக் கூடாது,
ஆனாலும் கேட்டேன்.
"அது காலி.
சும்மா காலியாவே வெச்சிக்கிறேன்.
அம்மா வந்தா நட்ட நடுவுல
கால நீட்டினு படுக்கும்."

அப்போது வரிசை நகர்ந்தது.
சிவப்பு வீடு பத்தடி தள்ளிப் போனது.
குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
அவளும் பத்தடி நடந்தாள்.
மறுபடி நின்றது. நின்றாள்.
மறுபடி நகர்ந்தது.
புகைக்குள், ஹாரனுக்குள், கிளீனர் பையன்களின் சத்தத்துக்குள்
ஒரு குடும்பத்தின் மொத்த வீடும்
டீசல் கக்கிக்கொண்டு தெற்கே போக,
பின்னாலேயே ரப்பர் செருப்பில் ஒரு சிறுமி.

நான்காம் பக்கம் கடந்துவிட்டாள்.
ஐந்தாம் பக்கம் நான் இன்னும் எழுதவே இல்லை,
அதிலும் நடந்துகொண்டிருக்கிறாள்.

"கப்பல்ல ஏத்திட்டா இன்னா பண்ணுவ?"
கத்தினேன். லாரிச் சத்தத்தில்
பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும்.
"ஏத்தட்டுமே,
நாங்க உள்ளதான கீறோம்."

நேரம் பார்த்து அப்போதுதான்
தண்ணி லாரி வந்து தொலைத்தது.
நான் வரவழைக்கவில்லை, சத்தியமாக.
எர்ணாவூர்த் தெருவே குடத்தோடு ஓடி வந்தது.
டியூபை யார் முதலில் பிடிப்பதென்று
அதற்குள் ஒரு சண்டை.
கூப்பிட்டால் வந்துவிடுவாள்.
அவள் பெயரை எழுதி ஒரு ஆச்சரியக்குறி போட்டால் போதும்,
திரும்பிவிடுவாள்,
பச்சைக் கதவு படாரென்று திறந்துகொள்ளும்,
தலையெல்லாம் நுரையோடு அவள்.

குதிரையை அவிழ்த்து விட்டேன்.
எங்கேயாவது நல்ல பேப்பராகத் தின்னட்டும்.

ரோட்டோரம் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து
வரிசையில் அவள் இடத்தில் வைத்தேன்.
பின்னால் நின்ற அக்கா என்னை முறைத்தாள்.
"யார்து இது?"
"ஜெர்லினுது."
"எங்க போச்சி அது?"
"குளிக்குது."

அக்கா ஒன்றும் கேட்கவில்லை.
வரிசை நகர்ந்தபோது
தன் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு
செங்கல்லையும் காலால் முன்னே தள்ளினாள்.

அங்கே தூரத்தில்
அறுபத்திரண்டு, அறுபத்தி மூணு.